லத்தி யாருக்கு, ரைபிள் யாருக்கு? போர்க்கால ஊர்க்காவல் படைகளோட கதை

2025 மே 7 அன்னிக்கு நாடு முழுக்க போர் ஒத்திகைன்னு மத்திய அரசு அறிவிச்சப்ப தமிழ்நாட்டுல அது சென்னைத் துறைமுகம், கல்பாக்கம்னு ரெண்டு பக்கந்தான் நடந்துச்சு, ஆனா பேச்சு என்னவோ டெல்டா பூரா ஓடுச்சு. தஞ்சாவூர்ல ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் இருக்கு, 2020 ஜனவரில இருந்து சுகோய் போர் விமான ஸ்குவாட்ரன் ஒண்ணு அங்கதான் நிக்குது, அதனால "நம்ம ஊர மொதல்ல குறி வைப்பான்"னு வாட்ஸ்அப்ல ஆளாளுக்கு ஜெனரல் ஆயிட்டாங்க. மன்னார்குடி கடைத்தெருவுல ஒரு பெரியவர், டூட்டி முடிச்சு டீ குடிச்சிட்டிருந்த ஊர்க்காவல் படை தம்பியப் பாத்து "ஏன் தம்பி, சண்டைன்னு வந்துட்டா ஒங்களுக்கெல்லாம் துப்பாக்கி குடுத்துருவாங்கல்ல?"ன்னு கேட்டார். "நீங்க வேற பெரியப்பா, எங்களுக்கு லத்தி, விசில், டார்ச்சு, அவ்ளோதான்"னு அவர் சிரிச்சுட்டார்.

பெரியவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லைங்க. உலகத்துல எந்த நாடா இருந்தாலும் சரி, போர் வருதுன்னு ஜனங்களக் கூப்பிட்டு படை சேக்குறப்ப, யார் கையில ரைபிளக் குடுக்குறாங்க, யார் கையில மணல் வாளியக் குடுக்குறாங்கங்கறதுல தான் அந்த அரசாங்கத்தோட உள்மனசு தெரியும். ஆயுதம் கைவசம் இருக்கா இல்லையாங்கறது கூட அப்புறந்தான்.

மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துருவோம், ஏன்னா நம்மாளுங்க மூணையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்குறாங்க. டெரிட்டோரியல் ஆர்மின்னா அது ராணுவம், 1948-ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, பகுதி நேரமா இருந்தாலும் ராணுவக் கட்டுப்பாடுதான். ஊர்க்காவல் படைன்னா மாநில அரசோடது, போலீஸுக்குத் துணை. சிவில் டிபென்ஸ்னா 1968 சட்டத்துப்படி குண்டு விழுந்தா தீயணைக்க, இடிபாட்டுல இருந்து ஆளத் தூக்க, முதலுதவி பண்ண, சோறு போட. இந்த மூணாவதுல ஆயுதமே கெடையாது. பொதுவா இந்த ரெண்டு கோடு தனித்தனியாத்தான் ஓடும்: ஆயுதம் வச்சிருக்கற தன்னார்வலர் ராணுவ இலாகாவுக்குக் கீழ, ஆயுதம் இல்லாதவர் உள்துறை இல்லன்னா நகராட்சிக்குக் கீழ.

இதுக்கு பெரிய உதாரணம் இங்கிலாந்துதான், அத கொஞ்சம் விரிவாவே பாக்கலாம். 1940 மே 14 ராத்திரி ரேடியோவுல போர்த்துறை அமைச்சர் ஆந்தணி ஈடன் பேசுறார், ஜெர்மன்காரன் ஹாலந்து பெல்ஜியத்துல பாராசூட்ல ஆள எறக்கிட்டான், இங்கயும் எறங்கலாம், 17 வயசுல இருந்து 65 வரைக்கும் உள்ள ஆம்பளைங்க பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல பேர் குடுங்க, சம்பளம் கெடையாது, யூனிஃபார்மும் ஆயுதமும் தருவோம்னார். அவர் பேசி முடிக்கறதுக்குள்ளயே சில ஸ்டேஷன் வாசல்ல ஆள் வந்து நின்னுட்டாங்களாம். ஒரு வாரத்துல ரெண்டரை லட்சம் பேர், ஜூலை முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட 15 லட்சம். மொதல்ல வச்ச பேர் லோக்கல் டிபென்ஸ் வாலண்டியர்ஸ், சுருக்கமா எல்டிவி, அது சர்ச்சிலுக்குப் பிடிக்கல, ஜூலை கடைசில ஹோம் கார்டுன்னு மாத்திட்டாங்க. நம்ம ஊர்ல ஊர்க்காவல் படைக்கு இங்கிலீஷ்ல இருக்கற பேரும் அதேதான்.

ஆள் சேந்தாச்சு, ஆனா குடுக்க ஒண்ணும் இல்ல. டன்கர்க்ல இருந்து தப்பிச்சு வந்த ரெகுலர் ஆர்மியே பீரங்கி, லாரி எல்லாத்தையும் பிரான்ஸ் கடற்கரையில போட்டுட்டு வந்திருந்துச்சு, வர்ற துப்பாக்கி அவங்களுக்கே பத்தல. அதனால மொதல் மாசங்கள்ல இந்தத் தன்னார்வலர் கையில இருந்தது முயல் சுடுற ஷாட்கன், தாத்தா காலத்து வாள், மண்வெட்டிக் கட்டை, அப்புறம் பெட்ரோல் நெரப்பி திரி வச்ச பாட்டில். யூனிஃபார்ம் வர்ற வரைக்கும் எல்டிவின்னு எழுதுன துணிப்பட்டை ஒண்ணு கைல கட்டிக்கணும். அந்தப் பட்டையக் கிண்டல் பண்ணி ஊரே ஜோக்கடிச்சுச்சு, ஆனா அந்தப் பட்டை எவ்ளோ பெரிய விஷயம்னு கீழ சொல்றேன்.

கோடை காலத்துலயே கனடாவுல இருந்து பழைய ராஸ் ரைபிளும், அமெரிக்காவுல இருந்து முதல் உலகப்போர் காலத்து எம் 1917 ரைபிளும் கப்பல் கப்பலா வந்து எறங்குச்சு, அமெரிக்க ரைபிள் மட்டுமே அஞ்சு லட்சத்துக்கு மேல. பெட்டியத் தொறந்தா கிரீஸ் மண்டிக் கெடக்கும், அதச் சுரண்டித் தொடைக்கறதே சில ஊர்ல மொதல் டிரில். இங்க ஒரு சிக்கல் பாருங்க, பிரிட்டிஷ் ரைபிளோட தோட்டா .303, அமெரிக்க ரைபிளோட தோட்டா .30, பாக்க ரெண்டும் ஒரே சைஸ் மாதிரி இருக்கும், மாத்திப் போட்டா செட் ஆகாது, துப்பாக்கி அடைச்சுக்கும். அதனால அமெரிக்க ரைபிள் மேல பட்டையா செவப்பு பெயிண்ட் அடிச்சு விட்டாங்க. புத்தம்புது ஆளுங்க லட்சக்கணக்குல இருக்கற எடத்துல மேனுவல் படிக்கச் சொல்றத விட ஒரு செவப்புக் கோடு நல்லா வேலை செய்யும், போர்க்கால நிர்வாகத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இதுதான்.

அப்புறம் வந்ததுல பாதி சாமான் விசித்திரமானது. நார்த்ஓவர் புரொஜெக்டர்னு ஒரு குழாய், கறுப்பு வெடிமருந்து போட்டு பாஸ்பரஸ் பாட்டிலத் தூக்கி அடிக்கும், சில சமயம் பாட்டில் குழாய்க்குள்ளயே ஒடஞ்சு அடிக்கறவனுக்கே ஆபத்து. ஸ்டிக்கி பாம்னு ஒண்ணு, கண்ணாடிக் குடுவைக்குள்ள நைட்ரோகிளிசரின், வெளிய பசை தடவுன துணி, டேங்க் மேல ஒட்டணும், ஆனா அது எறியறவன் பேன்ட்டுலயும் ஒட்டிக்கும்னு ஒரு பயம் எப்பவும் இருந்துச்சு. பிளாக்கர் பம்பார்டுன்னு ஒரு குண்டு எறியற சாதனம், அத நிறுத்த ரோட்டு முனையில கான்கிரீட் தூண் கட்டினாங்க, அந்தத் தூண்ல பல இன்னிக்கும் இங்கிலாந்து வயக்காட்டு ஓரத்துல நிக்குது. உச்சகட்டம் ஈட்டி. 1941 ஜூன்ல சர்ச்சில் ஒவ்வொருத்தன் கையிலயும் ஏதாவது ஒரு ஆயுதம் இருக்கணும், ஈட்டியா இருந்தாக்கூட சரின்னு எழுத, அதிகாரிங்க அத அப்படியே ஆர்டரா எடுத்துக்கிட்டு இரும்புக் குழாய் முனையில பழைய பயோனெட்ட (துப்பாக்கி முனைக் கத்தி) வெல்டு பண்ணி ரெண்டரை லட்சம் ஈட்டி செஞ்சுட்டாங்க! பார்லிமெண்ட்ல நாறிப்போச்சு, பெரும்பாலானது குடோன விட்டு வெளியவே வரல. மேலிடம் பேச்சு வாக்குல சொன்னத அப்படியே பைல்ல ஏத்தற பழக்கம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம்னு நெனைக்காதீங்க.

அமைப்பு எப்படின்னா, தெரு அளவுல செக்‌ஷன், அதுக்கு மேல பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன், மாவட்டத்து ரெஜிமெண்ட்டோட பேட்ஜத்தான் தொப்பில குத்திக்கணும். ரயில்வேக்கு, போஸ்ட் ஆபீஸுக்கு, பெரிய ஃபேக்டரிக்குன்னு தனித்தனி யூனிட்டும் உண்டு, அவங்கவங்க வேலை பாக்கற எடத்த அவங்கவங்களே காக்கணும். ஆரம்பத்துல ராணுவ ரேங்கு கெடையாது, பிளட்டூன் கமாண்டர், கம்பெனி கமாண்டர்னு பதவிதான். 1941 பிப்ரவரியிலதான் முறையான கமிஷன், அதாவது ராணுவ அதிகாரி ரேங்கு, குடுத்தாங்க. 1942-ல இருந்து தன்னார்வம்ங்கறதும் பாதிக்குப் பாதி போச்சு, ஆள் பத்தாத எடத்துல மாசம் 48 மணி நேரம் வரைக்கும் கட்டாய டூட்டின்னு சட்டம் வந்துருச்சு. 1942-லயே ஸ்டென் கன்னுங்கற சின்ன மெஷின் கன்னும் வர ஆரம்பிச்சுது, வயசானவங்க விமான எதிர்ப்பு பீரங்கில போய் நின்னாங்க. 1944 டிசம்பர் 3 அன்னிக்கு போதும்னு அனுப்பி வச்சாங்க. ஜெர்மன்காரன் எறங்கவே இல்ல, ஆனாலும் டூட்டில செத்தவங்க 1,206 பேர், குண்டு வீச்சுலயும் பயிற்சி விபத்துலயும்.

சரி, இப்ப அந்தத் துணிப்பட்டைக்கு வருவோம். 1907 ஹேக் ஒப்பந்தத்துல ஒரு விதி இருக்கு, ராணுவம் இல்லாத ஆளும் போர்வீரனா மதிக்கப்படணும்னா நாலு விஷயம் வேணும்: பொறுப்பான ஒரு தலைவன், தூரத்துல இருந்தே தெரியற ஒரு அடையாளம், ஆயுதத்த மறைக்காம வெளிப்படையாத் தூக்கறது, போர் விதிகள மதிக்கறது. இது இருந்தா புடிபட்டா கைதி. இல்லன்னா சுட்டுத் தள்ளுவான். ஜெர்மன் ரேடியோ 1940-லயே இந்த ஹோம் கார்டு ஆளுங்கள கொலைகாரக் கும்பல்னு சொல்லி மெரட்டுச்சு. அதனாலதான் துப்பாக்கிக்கு முன்னாடி பட்டை வந்துச்சு, பட்டைக்கு முன்னாடி போலீஸ் ஸ்டேஷன்ல பேர்ப்பட்டியல் வந்துச்சு. லிஸ்ட், பட்டை, தலைவன், கடைசியிலதான் ஆயுதம்.

ஆனா பட்டை கட்டிட்டா மட்டும் பொழச்சுக்கலாம்னு இல்ல. டெல்டாக்காரங்களுக்கு ரொம்ப நெருக்கமான கதை இது, ஏன்னா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி பினாங்கு, சிங்கப்பூர்னு போன குடும்பம் இல்லாத ஊரே நம்ம பக்கம் கம்மி. 1941 டிசம்பர்ல ஜப்பான் மலேயாவுக்குள்ள எறங்குனதும் சிங்கப்பூர்ல டால்லிங்கற போலீஸ் அதிகாரி சீனத் தன்னார்வலர்கள வச்சு டால்ஃபோர்ஸுன்னு ஒரு படை சேத்தார். கம்யூனிஸ்ட், கோமின்டாங்கற சீன தேசியக் கட்சிக்காரன், மாணவன், கூலின்னு எல்லாரும் கலந்த படை. பிரிட்டிஷ்காரன் அதுவரைக்கும் ஜெயில்ல போட்டு வச்சிருந்த ஆளுங்களும் அதுல உண்டு, சண்டை வாசலுக்கு வந்தப்புறந்தான் அவங்க மேல நம்பிக்கையே வந்துச்சு. சில நாள் பயிற்சி, கையில ஷாட்கன், கத்தி, சில கையெறி குண்டு. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு. அடுத்த சில நாள்ல இருந்தே ஜப்பான்காரன் சீன ஆம்பளைங்கள வரிசையா நிக்க வச்சு, தன்னார்வலனா இருந்திருப்பான்னு சந்தேகப்பட்டவன எல்லாம் கடற்கரைக்குக் கொண்டு போய்ச் சுட்டான். ஆயிரக்கணக்குல செத்தாங்க, அதுல படைக்குப் பக்கமே போகாதவங்களும் ஏராளம்.

அதே சிங்கப்பூர்ல 1943-ல ராணி ஜான்சி ரெஜிமெண்ட் ஆரம்பிச்சப்ப, தோட்டத்துல ரப்பர் பால் எடுத்துட்டிருந்த தமிழ்ப் பொண்ணுங்க கையில ரைபிள் வந்துச்சு. குடுத்தது நேதாஜியோட படை, கமாண்டர் கேப்டன் லட்சுமி. பிரிட்டிஷ்காரன் அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு விசில் கூடக் குடுத்ததில்ல.

இங்க டெல்டாவுல அப்ப என்ன நெலம? 1942 ஏப்ரல் 5 கொழும்புல குண்டு, 6-ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடாவுல குண்டு, 9-ஆம் தேதி திருகோணமலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் எதுத்தாப்புல இருக்கற கடல்லதான் இவ்வளவும். மெட்ராஸ்ல கவர்மெண்ட் ஆபீஸே உள்நாட்டுக்கு மாறிப் போச்சு, ஜனங்க மூட்டை கட்டிக்கிட்டு சொந்த ஊருக்கு ரயில் ஏறுனாங்க. தஞ்சாவூர்ல ஏர்ஃபீல்டு போட்டு அந்த வருஷ அக்டோபர்லயே ராயல் ஏர்ஃபோர்ஸோட வெலிங்டன் குண்டுவீச்சு விமான ஸ்குவாட்ரன் ஒண்ணு அமைஞ்சுச்சு, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல போர் விமானம் ரிப்பேர் பாத்தாங்க. ஆக காக்கறதுக்கு ரன்வே, ஒர்க்‌ஷாப், துறைமுகம்னு எல்லாமே இருந்துச்சு.

காக்க ஆளுக்கு என்ன குடுத்தாங்க? ஏஆர்பின்னு சொன்ன விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் படை வார்டனுக்கு இரும்புத் தொப்பி, விசில், மணல் வாளி, ஸ்டிரப் பம்பு. இந்த ஸ்டிரப் பம்பு ஒரு அழகான சாமான்: வாளித் தண்ணிக்குள்ள நிக்கற பித்தளைக் கைப்பம்பு, வாளிக்கு வெளிய தரையில ஊனற தகட்ட ஒரு கால்ல மிதிச்சுக்கிட்டு கையால அடிக்கணும், ஒருத்தர் அடிக்க, ஒருத்தர் ரப்பர் குழாய் முனையப் புடிச்சுட்டு குப்புறப் படுத்து தீ கிட்ட ஊந்து போக, மூணாவது ஆள் தண்ணி மொண்டு ஊத்திக்கிட்டே இருக்கணும். நெல்லுக்கு மருந்தடிக்கற பழைய மிதி பம்பப் பாத்திருந்தீங்கன்னா அதே ஜாதிதான். சின்னத் தீக்குண்டு வீட்டுக் கூரையில விழுந்தா மொதல் சில நிமிஷத்துல இந்த மூணு பேர்தான் ஃபயர் சர்வீஸ். இது போக 1940-ல சட்டம் போட்டு போலீஸுக்குத் துணையா சிவிக் கார்டுன்னு ஒரு படை, அவங்களுக்கும் வேலை ரோந்து, காவல், கூட்டத்த ஒழுங்கு பண்றது.

அதே ஊர்ல, அதே ரயில்வேல, ரைபிள் இருந்துச்சு. தென்னிந்திய ரயில்வேக்கு 19-ஆம் நூற்றாண்டுல இருந்தே வாலண்டியர் ரைபிள்ஸுங்கற தன்னார்வப் படை உண்டு, திருச்சிதான் தலைமையிடம், 1920-க்கு அப்புறம் அது ஆக்ஸிலரி ஃபோர்ஸ்ங்கற அமைப்புக்குள்ள வந்துச்சு. அதுல ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் மட்டுந்தான் சேரலாம். ஒரே எஞ்சின் ஷெட்டுல ஒரே சம்மட்டி அடிக்கறவங்கள்ல ஒருத்தன் வீக்கெண்டு வந்தா .303 எடுத்துட்டு டிரில்லுக்குப் போவான், இன்னொருத்தன் விசில் ஊதிட்டு லைட்ட அணைங்கம்பான். இந்தியர்களுக்குன்னு டெரிட்டோரியல் ஃபோர்ஸ் தனியா இருந்துச்சுதான், ஆனா ரயில்வேய உள்ள இருந்து வர்ற ஆபத்துக்கு யார் காக்கணும்ங்கறப்ப நம்பிக்கை தோல் நெறத்தப் பாத்துத்தான் வந்துச்சு.

இந்தியன் கைல ஆயுதம் போறதுல பிரிட்டிஷ்காரனுக்கு இருந்த பயமும் சும்மா இல்ல. 1878 ஆயுதச் சட்டத்துப்படி லைசென்ஸ் இல்லாம இந்தியன் துப்பாக்கி வச்சுக்க முடியாது, டெல்டாவுல அது மிராசுதார் வீட்டு ரெட்டைக்குழல்தான், மத்தபடி நரிக்குறவங்ககிட்ட கொக்கு சுடுற நாட்டுத் துப்பாக்கி இருக்கும். இன்னிக்கும் எலக்‌ஷன் வந்தா அந்த லைசென்ஸ் துப்பாக்கியக் கொண்டு போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கணும், ஆக வெள்ளைக்காரன் போயும் அந்தப் பயம் முழுசாப் போகல. 1942 மார்ச்-ஏப்ரல்ல பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் வந்து பேசுனப்ப பேச்சுவார்த்தை ஒடஞ்சதுக்கு முக்கியக் காரணங்கள்ல ஒண்ணு பாதுகாப்பு இலாகா யார் கையிலங்கறதுதான். காங்கிரஸ் எங்க ஆள் கையில குடுங்க, ஜனங்களத் திரட்டி ஜப்பானத் தடுப்போம்னுது, பிரிட்டன் முடியாதுன்னுடுச்சு. ராஜாஜி ஜப்பான எதுத்து நிக்கணும்னு தனி லைன் எடுத்து அந்த ஜூலைல காங்கிரஸ விட்டே வெளிய வந்தார். ஆகஸ்ட்ல வெள்ளையனே வெளியேறு வந்து தண்டவாளம் பேந்துச்சு, தந்திக் கம்பி அறுந்துச்சு, திருவையாத்துல முன்சீப் கோர்ட்டையே தாக்குனாங்க. அதுக்கப்புறம் இங்க ஊருக்கு ஊர் ரைபிள் குடுக்கற பேச்சுக்கே எடமில்ல. லண்டன் பக்கம் ஒரு தோட்டக்காரன் ரைபிள வீட்டுச் செவுத்துல மாட்டிட்டுத் தூங்குன அதே வருஷத்துலதான் இதெல்லாம்.

தோக்குற நேரத்துல அரசாங்கம் தலைகீழா மாறும். ஜெர்மனி 1944 அக்டோபர்ல ஃபோக்ஸ்ஸ்டுர்ம்னு 16-ல இருந்து 60 வயசு வரைக்கும் உள்ள ஆம்பளைங்க எல்லாரையும் இழுத்துச்சு, நடத்துனது ராணுவம் இல்ல, நாஜிக் கட்சி. கையில ஒரு தடவ சுட்டுத் தூக்கிப் போடற பான்சர்ஃபாஸ்ட்டுங்கற டேங்க் எதிர்ப்பு ஆயுதம், கைல ஒரு பட்டை. ஜப்பான் 1945-ல பள்ளிக்கூடப் பொண்ணுங்களுக்கு மூங்கில் ஈட்டி குத்தப் பழக்குச்சு. இதப் பத்தி நீட்டி எழுத ஒண்ணும் இல்ல, சாகறதுக்கு ஆள் சேத்தாங்க.

இன்னொரு பக்கம் பாக் நீரிணைக்கு அந்தாண்ட. இலங்கையில 1980கள் நடுவுல இருந்து எல்லைக் கிராமங்கள்ல ஊர்க்காவல் படைன்னு சிங்கள, அப்புறம் முஸ்லிம் ஊர்க்காரங்க கையில ஷாட்கன் குடுத்தாங்க. புலிகள் தாக்குன கிராமங்கள்ல அது தற்காப்புதான், ஆனா பக்கத்துத் தமிழ் கிராமத்து மேல பழிவாங்கப் போன சம்பவங்களும் நடந்துச்சு, கிழக்கு மாகாணத்துல அந்தக் காயம் இன்னும் ஆறல. பக்கத்து ஊர்ல யாருக்குக் குடுக்கல அப்படிங்கறதும் சேந்துதான் அங்க ஆயுதமாச்சு. 2006-ல அத ஒரு தனித் துறையாக்கி சம்பளப் படையாவே மாத்திட்டாங்க.

சமீபத்துல நடந்தது உக்ரைன். 2022 ஜனவரி 1-ல இருந்து அங்க புதுச் சட்டம், அதுல ரெண்டு அடுக்கு: ராணுவத்தோட ஒரு பிரிவா டெரிட்டோரியல் டிபென்ஸ், மாகாணத்துக்கு ஒரு பிரிகேடுன்னு, அதுக்குக் கீழ ஊர் அளவுல சம்பளமில்லாத தன்னார்வக் குழுக்கள், அவங்க சொந்த வேட்டைத் துப்பாக்கியவே கொண்டு வரலாம். சட்டம் வந்து ரெண்டு மாசம் கூட ஆகல, பிப்ரவரி 24 ரஷ்யா உள்ள வந்துருச்சு, கீவ்ல லாரில வச்சு ரைபிள் குடுத்தாங்க, மொதல் ரெண்டு நாள்ல தலைநகர்ல மட்டும் 18,000-னு அரசே சொன்னுச்சு. அடையாளத்துக்கு கைல மஞ்சள் டேப், கடையில விக்கற சாதா டேப்புதான், ஹேக் விதிக்கு அது போதும். குடுத்த வேகத்துல தெரு முனையில நம்மாளே நம்மாளச் சுடுற பயமும் வந்துச்சு, அதுக்கும் அந்த டேப்புதான் மருந்து.

இப்ப நம்ம ஊர்க்காவல் படை. 1946 டிசம்பர் 6 பம்பாய்ல, போர் முடிஞ்சப்புறம், கலவரத்த அடக்க போலீஸுக்கு உதவியா பொறந்தது இது. 1962 சீனப் போருக்கு அப்புறம் எல்லா மாநிலமும் ஒரே மாதிரி அமைக்கணும்னு மத்திய அரசு சொல்ல, நம்ம மாநிலத்துல 1963-ல சட்டம் வந்துச்சு. பொறந்ததே கூட்டத்த சமாளிக்க, அதனால லத்திதான் அதோட இயல்பு. மாவட்டத்துல எஸ்பி கட்டுப்பாடு, அதுக்குள்ள ஏரியா கமாண்டர்னு ஊர்ல மதிப்பான டாக்டரோ பிசினஸ்காரரோ கௌரவப் பதவில இருப்பார், கீழ கம்பெனி, பிளட்டூன். டூட்டி பாத்த நாளுக்கு மட்டும் படி. வேளாங்கண்ணித் திருவிழா, கும்பகோணம் மகாமகம்னு எங்க கூட்டமோ அங்க கயிறு புடிச்சு நிக்கறவங்க இவங்கதான். பயிற்சில துப்பாக்கி புடிக்கச் சொல்லிக் குடுப்பாங்க, டூட்டில பொதுவா கெடையாது.

ஆனா இதே ஹோம் கார்டுல பஞ்சாப், ராஜஸ்தான், குஜராத், மேற்கு வங்கம், வடகிழக்குல சில மாநிலங்கள்னு நில எல்லை ஓரமா பார்டர் விங்னு ஒண்ணு இருக்கு, அவங்க கையில ஆயுதம் உண்டு, போர் வந்தா எல்லைப் படைக்கும் ராணுவத்துக்கும் பின்னாடி பாலம், ரயில் லைன காப்பாங்க. தமிழ்நாட்டுல அந்த விங் கெடையாது. நமக்கு எல்லை கடல்தான், அத கோஸ்ட் கார்டும் கடலோரக் காவல் குழுமமும் பாத்துக்குதுன்னு டெல்லி கணக்கு. எனக்கு அந்தக் கணக்குல கொஞ்சம் சந்தேகம் உண்டு, கோடியக்கரையில இருந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் உள்ள வாய்க்காலுக்குள்ள எவன் வர்றான் போறான்னு அங்க வலை போடறவனுக்குத் தெரியற அளவு எந்த ரேடாருக்கும் தெரியாது. அவங்களுக்கு ரைபிள் வேணாம், வேலை செய்யற வயர்லெஸ்ஸும் ராத்திரி கூப்பிட்டா எடுக்கற ஒரு ஆளும் போதும்.

தஞ்சாவூர் ரன்வேய காக்கறது ஏர்ஃபோர்ஸ் வேலை, அதுல யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க. ஊருக்குள்ள சைரன் ஊதுனா தெருத்தெருவா லைட்ட அணைக்கச் சொல்றது, ஆள எண்றது, படுகாயம் பட்டவன தூக்குறது, சிவில் டிபென்ஸோட 12 பிரிவும் செய்யற வேலை அதுதான், பொணத்த எடுத்து அடக்கம் பண்றதுக்குக் கூட அதுல ஒரு தனிப் பிரிவு வச்சிருக்காங்க. ஊர்க்காவல் படையில சேரணும்னு நெனைக்கறவங்க மாவட்ட எஸ்பி ஆபீஸ் அறிவிப்பப் பாத்துட்டே இருங்க, கிரிமினல் கேஸ் எதுவும் இருக்கக் கூடாது, அப்புறம் துப்பாக்கி கெடைக்கும்னு மட்டும் வீட்டுல சொல்லிட்டுப் போகாதீங்க.